கழிவிலிருந்து பிளாத்திக்கு: பற்றீரியாக்கள் செய்யும் கைத்தொழில்

க.பொ.த. (சாதாரண தரம்) — விஞ்ஞானம், புவியியல் பாடங்களுக்கான மேலதிக விளக்கம்



பிளாத்திக்குப் பற்றி வினா வந்தால் "அது உக்காது, சூழலுக்குக் கேடானது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்வது பலரின் வழக்கம். அந்த விடை பிழையன்று. ஆனால் முழுமையானதும் அன்று. மண்ணில் உக்கிப்போகும் பிளாத்திக்கும் உண்டு. அதனைச் சில பற்றீரியாக்கள் தமது உடலுக்குள்ளேயே ஆக்குகின்றன. இதுவொரு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1926 ஆம் ஆண்டிலேயே இது அறிவிக்கப்பட்டுவிட்டது.

அப்படியாயின், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் கடைகளில் ஏன் இன்னும் சாதாரண பொலித்தீன் பைகளே தொங்குகின்றன? இந்த வினாவை மனதில் வைத்துக்கொண்டு பாடத்தைப் படியுங்கள். ஒவ்வொரு பகுதியும் இதற்கான விடையின் ஒரு துண்டைத் தரும்.

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,

• பொலித்தீன் உக்காமைக்கும் பற்றீரியப் பிளாத்திக்கு உக்குவதற்கும் காரணம் கூற முடியும்.
• பற்றீரியாக்கள் எந்த நிலைமையில் பிளாத்திக்கைச் சேமிக்கின்றன என விளக்க முடியும்.
• கைத்தொழிற் கழிவை மூலப்பொருளாகப் பயன்படுத்துவதன் நன்மைகளையும் இடர்ப்பாடுகளையும் பட்டியற்படுத்த முடியும்.
• "உக்கக்கூடியது" என்னும் சொல் தவறாகப் பயன்படுத்தப்படும் இடங்களை இனங்காண முடியும்.

1. பிளாத்திக்கு என்பது யாது?

பூமாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரேவகைப் பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டால் மாலை கிடைக்கிறது. அவ்வாறே சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலியாகும்போது பல்பகுதியம் உண்டாகிறது. சங்கிலியை ஆக்கும் சிறிய மூலக்கூறு ஒருபகுதியம் எனப்படும். பிளாத்திக்குகள் யாவும் பல்பகுதியங்களே.

பொலித்தீனின் ஒருபகுதியம் எதீன். இது பெற்றோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பெறப்படுகிறது. எதீன் மூலக்கூறுகள் இணையும்போது காபன் அணுக்கள் மாத்திரம் வரிசையாகத் தொடரும் முதுகெலும்பு போன்ற சங்கிலி உருவாகிறது. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் தமது நொதியங்களால் இந்தக் காபன்–காபன் பிணைப்புகளை இலகுவில் வெட்ட முடியாது. ஆகவே பொலித்தீன் வெயிலில் நொறுங்கிச் சிறு துணிக்கைகளாகுமே தவிர, உக்கி மறைவதில்லை.

பற்றீரியாக்கள் ஆக்கும் பிளாத்திக்கின் அமைப்பு வேறு. இதன் சங்கிலியில் ஒருபகுதியங்கள் எசுத்தர்ப் பிணைப்பால் இணைக்கப்பட்டுள்ளன. நாம் உண்ணும் கொழுப்பிலும் எண்ணெயிலும் இருப்பதும் எசுத்தர்ப் பிணைப்பே. நொதியமும் நீரும் இருந்தால் இப்பிணைப்பை வெட்டலாம். எனவே இப்பிளாத்திக்கு நுண்ணங்கிகளுக்கு உணவாகிறது.

நினைவிற் கொள்க: ஒரு பிளாத்திக்கு உக்குமா, உக்காதா என்பதைத் தீர்மானிப்பது அதன் மூலக்கூற்று அமைப்பே. அது எதிலிருந்து செய்யப்பட்டது என்பதன்று. பகுதி 8 இல் இக்கூற்று மீண்டும் தேவைப்படும்.

2. பற்றீரியா ஏன் பிளாத்திக்கைச் சேமிக்கிறது?

தாவரங்கள் மேலதிக உணவை மாப்பொருளாகக் கிழங்கிலும் வித்திலும் சேமிக்கின்றன. நாம் மேலதிக உணவைக் கொழுப்பாகச் சேமிக்கிறோம. பற்றீரியாக்களிற் பல வகைகள் தமது மேலதிக காபனை ஒருவகைப் பொலியெசுத்தராகச் சேமிக்கின்றன. இவ்வகைப் பொருள்கள் பொதுவாகப் பொலிஐதரொட்சிஅல்க்கனோவேற்று எனப்படும். சுருக்கமாக பி.எச்.ஏ. என எழுதுவோம். இவற்றுள் மிக எளிமையானதும் நன்கு அறியப்பட்டதும் பொலிஐதரொட்சிபியூற்றிரேற்று, அதாவது பி.எச்.பி. ஆகும். பெயர் நீளமானது என்று பயப்பட வேண்டாம். சுருக்கப் பெயரை அறிந்திருந்தாற் போதும்.

எப்போது சேமிக்கிறது என்பதே முக்கியம். இதனை ஓர் உவமையால் விளங்கிக்கொள்வோம். ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். கையில் நிறையப் பணம் இருக்கிறது. ஆனால் சீமெந்து கிடைக்கவில்லை. வீட்டு வேலை நின்றுவிடும். பணத்தை என்ன செய்வார்? வங்கியில் இடுவார். சீமெந்து வந்ததும் எடுத்துச் செலவு செய்வார்.

பற்றீரியாவிற்குச் சீனி போன்ற காபன் உணவே பணம். நைதரசனும் பொசுபரசுமே சீமெந்து. புரதமும் நியூக்கிளிக்கமிலமும் ஆக்க இவை தேவை. காபன் ஏராளமாக இருந்தும் நைதரசன் அல்லது பொசுபரசு பற்றாக்குறையாக இருந்தால் கலம் வளர்ந்து பிரிவடைய முடியாது. உள்ளெடுத்த காபனைக் கலம் பி.எச்.பி. மணிகளாக மாற்றி வைத்துக்கொள்கிறது. உணவு கிடைக்காத காலத்தில் தனது நொதியங்களால் அம்மணிகளை உடைத்துச் சக்தி பெறுகிறது.

இம்மணிகள் மிகச் சிறியவை. ஒரு மணியின் விட்டம் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 மைக்குரோமீற்றர் வரையாகும். ஆயினும் தகுந்த நிலைமையில் கியூப்பிரியாவிடஸ் நெக்கேற்றர் என்னும் பற்றீரியாவின் உலர் திணிவில் 80 சதவீதம் அளவிற்கு இம்மணிகளே நிரம்பியிருக்கும். ஐந்து கிலோகிராம் உலர்ந்த பற்றீரியாவில் நான்கு கிலோகிராம் பிளாத்திக்கு என்று பொருள்.

கவனிக்க: "பற்றீரியாவிற்கு எல்லாப் போசணைகளையும் நிறையக் கொடுத்தால் அதிக பிளாத்திக்குக் கிடைக்கும்" என்று எழுதுவது பிழை. எல்லாம் நிறைய இருந்தால் பற்றீரியா பெருகும், சேமிக்காது. காபன் மிகை, வேறொரு போசணை குறை என்னும் இரண்டு நிலைமைகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

3. கண்டுபிடிப்பும் முதல் முயற்சியும்

பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவகத்தில் பணியாற்றிய மொரிஸ் லெமுவான் என்னும் பிரெஞ்சு அறிஞர், பசிலசு மெகத்தீரியம் என்னும் பற்றீரியாவில் பி.எச்.பி. இருப்பதை 1926 இல் வெளியிட்டார். ஆனால் அக்காலத்தில் இது தொழிற்சாலைகளின் கவனத்தை ஈர்க்கவில்லை. பின்னர் பெற்றோலியத்திலிருந்து மலிவாகப் பிளாத்திக்குச் செய்யும் முறைகள் வளர்ந்தபோது பற்றீரியாவின் பிளாத்திக்கைத் தேடவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

1973 இல் உலகில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தது. பெற்றோலியம் என்றும் மலிவாக இருக்காது என்பது உணரப்பட்டது. அந்தப் பத்தாண்டில் பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. கம்பனி பற்றீரியாவைத் தாங்கிகளில் வளர்த்துப் பிளாத்திக்குப் பெறும் முயற்சியைத் தொடங்கியது. குளுக்கோசும் புரொப்பியோனிக்கமிலமும் உணவாகக் கொடுக்கப்பட்டன. உற்பத்திக்கு "பயோபோல்" எனப் பெயரிடப்பட்டது. 1990 இல் ஜேர்மனியில் வெல்லா கம்பனியின் ஷாம்பு போத்தல்கள் இதனாற் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன.

ஆனால் முயற்சி நிலைக்கவில்லை. பயோபோல் 1993 இல் செனெக்காவிற்கும் 1996 இல் மொன்சான்ரோவிற்கும் கைமாறியது. மொன்சான்ரோ சில ஆண்டுகளிலேயே உற்பத்தியைக் கைவிட்டது. 2001 இல் மெட்டபொலிக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி அதன் உரிமைகளை வாங்கியது.

பொருள் தரமற்றது என்பதால் இது நடக்கவில்லை. அதன் விலை பெற்றோலியப் பிளாத்திக்கின் விலையைவிடப் பல மடங்காக இருந்தது. ஒரு வெற்றுப் போத்தலுக்கு அவ்வளவு பணம் கொடுக்கப் பெரும்பாலானோர் ஆயத்தமாக இல்லை.

4. விலை ஏன் கூடியது?

புவியியலிற் கைத்தொழில் ஒன்றைத் தீர்மானிக்கும் காரணிகளைப் படித்திருப்பீர்கள்: மூலப்பொருள், சக்தி, தொழிலாளர், போக்குவரத்து, சந்தை. இங்கு முதல் இரண்டுமே பிரச்சினை.

(அ) மூலப்பொருள்: 1 கிலோகிராம் பி.எச்.பி. பெற ஏறத்தாழ 3 கிலோகிராம் குளுக்கோசு தேவை. மீதி எங்கே போகிறது? ஒரு பகுதியைப் பற்றீரியா சுவாசித்துக் காபனீரொட்சைட்டாக வெளிவிடுகிறது. இன்னொரு பகுதி கலத்தின் உடலை ஆக்கச் செலவாகிறது. மொத்த உற்பத்திச் செலவில் பாதிவரை பற்றீரியாவின் உணவுக்கே போய்விடும்.

(ஆ) சக்தி: தனியொரு வகைப் பற்றீரியாவை வளர்ப்பதாயின் தாங்கி, குழாய், வளர்ப்பூடகம் யாவும் நீராவியாற் கிருமியழிக்கப்பட வேண்டும். வேறு நுண்ணங்கி ஒன்று உட்புகுந்தால் உணவை அது தின்றுவிடும். இதனுடன் காற்றூட்டல், கலக்குதல், குளிரூட்டல் ஆகியவற்றுக்கும் மின்சாரம் தேவை.

(இ) பிரித்தெடுத்தல்: கலத்திற்குள் இருக்கும் மணிகளை வெளியே எடுப்பதற்கும் செலவு உண்டு.

இவற்றுடன் இன்னொரு வினாவும் எழுகிறது. மனிதர் உண்ணக்கூடிய சீனியையும் சோளத்தையும் பிளாத்திக்குச் செய்யக் கொடுப்பது முறையா?

இந்த இடத்திற்றான் கழிவு உள்ளே வருகிறது. பற்றீரியாவிற்குத் தேவை காபன். அது கடையில் வாங்கிய சீனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

5. எந்தக் கழிவுகள் பயன்படும்?

ஆய்வுகளிற் பயன்படுத்தப்பட்ட கழிவுகளும் அவற்றிலுள்ள காபன் உணவும் கீழே தரப்பட்டுள்ளன.

• சீனி ஆலையின் கழிவுப்பாகு — சுக்குரோசு முதலிய வெல்லங்கள்
• பாற்கட்டி செய்யும்போது எஞ்சும் தெளிநீர் — இலற்றோசு
• பாவித்த சமையல் எண்ணெய் — கொழுப்பமிலங்கள்
• உயிர் டீசல் உற்பத்தியில் எஞ்சும் கிளிசரோல் — கிளிசரோல்
• செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர் — சேதன அமிலங்களாக மாற்றக்கூடிய பொருள்கள்
• கடதாசி ஆலை, உணவுத் தொழிற்சாலைக் கழிவுநீர் — வெல்லங்கள், மாப்பொருள்

எல்லாப் பற்றீரியாக்களும் எல்லாக் கழிவையும் உண்ணா. உதாரணமாக, முன்னர் கூறிய கியூப்பிரியாவிடஸ் நெக்கேற்றர் எண்ணெயை நன்றாகப் பயன்படுத்தும். ஆனால் இலற்றோசை இயல்பாகப் பயன்படுத்தாது. ஆகவே கழிவுக்கேற்ற பற்றீரியாவைத் தெரிவு செய்ய வேண்டும். அல்லது கழிவைப் பற்றீரியா உண்ணக்கூடிய பொருளாக முதலில் மாற்ற வேண்டும்.

வியப்பான ஓர் உதாரணமும் உண்டு. அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் கெவின் ஓ'கொனர் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், பொலிஸ்ரைரீனைக் காற்றில்லாமல் வெப்பமேற்றி எண்ணெயாக்கினர். அந்த எண்ணெயைச் சூடோமோனாசு பியூற்றிடா என்னும் பற்றீரியாவின் ஒரு வகைக்கு உணவாகக் கொடுத்தபோது அது பி.எச்.ஏ. சேமித்தது. நாம் ரெஜிபோம் என்று அழைப்பதும் பொலிஸ்ரைரீன்தான். உக்காத பிளாத்திக்கு உக்கும் பிளாத்திக்காக மாறியது என்பதே இதன் சிறப்பு.

6. விடய ஆய்வு: சொக்கலேற் தொழிற்சாலைக் கழிவுநீர், நெதர்லாந்து

இப்பாடத்தில் விரிவாக நினைவில் வைத்திருக்க வேண்டிய உதாரணம் இதுவே.

இடம்: நெதர்லாந்தின் வேஹெல் நகரிலுள்ள மார்ஸ் சொக்கலேற் தொழிற்சாலை.
செய்தவர்கள்: டெல்ஃப்ற் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.
பெறுபேறு வெளியான ஆண்டு: 2014.
தன்மை: முன்னோடி ஆலை. அதாவது ஆய்வுகூடத்தை விடப் பெரிது. முழுமையான தொழிற்சாலை அன்று.

சொக்கலேற் செய்யும் பாத்திரங்களையும் குழாய்களையும் கழுவும் நீரில் சீனி முதலான சேதனப் பொருள்கள் கரைந்திருக்கும். இந்நீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. விட்டால் ஆற்றிலுள்ள நுண்ணங்கிகள் அவற்றை உண்டு பெருகி, நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும், மீன்கள் இறக்கும். எனவே தொழிற்சாலை எப்படியும் பணம் செலவழித்து நீரைச் சுத்திகரிக்கத்தான் வேண்டும். வழமையான சுத்திகரிப்பிலும் பற்றீரியாக்களே கழிவை உண்கின்றன. ஆனால் முடிவிற் கிடைப்பது சேறு. அதனை அகற்றவும் செலவு.

இந்த ஆய்வாளர்கள் வினவியது இதுதான்: கழிவை உண்ணும் பற்றீரியாக்கள் வெறும் சேறாகாமல் பிளாத்திக்கு நிரம்பியவையாக இருந்தால் என்ன?

செயன்முறை மூன்று படிகளைக் கொண்டது.

படி 1 — அமிலமாக்கல்: கழிவுநீர் காற்றில்லாத தாங்கியில் விடப்படும். அங்குள்ள நுண்ணங்கிகள் சீனியை நொதிக்கச் செய்து அசற்றிக்கமிலம், புரொப்பியோனிக்கமிலம் போன்ற சிறிய கொழுப்பமிலங்களாக மாற்றும். பிளாத்திக்குச் சேமிக்கும் பற்றீரியாக்களுக்கு இவை மிகப் பிடித்தமான உணவு.

படி 2 — தெரிவு செய்தல்: இரண்டாவது தாங்கிக்குக் காற்று ஊட்டப்படும். இங்கு கிருமியழித்தல் கிடையாது. பலவகைப் பற்றீரியாக்கள் கலந்தே இருக்கும். ஆனால் உணவு தொடர்ந்து கொடுக்கப்படுவதில்லை. ஒரேயடியாகக் கொடுக்கப்படும், சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும், பின்னர் பல மணித்தியாலங்கள் பட்டினி. மறுபடி உணவு, மறுபடி பட்டினி. இதனை "விருந்து–பட்டினி முறை" எனலாம். விருந்து வேளையில் விரைவாகச் சேமித்துக்கொண்ட பற்றீரியாக்கள் பட்டினி வேளையில் அச்சேமிப்பைக் கொண்டு வளரும். சேமிக்காதவை பின்தங்கி, நீருடன் வெளியேறிக் குறைந்துபோகும். சில வாரங்களிற் சேமிக்கும் இனமே தாங்கியில் மேலோங்கிவிடும். இயற்கைத் தேர்வு என்று உயிரியலிற் படித்தது இங்கு ஒரு தாங்கிக்குள் நிகழ்கிறது.

இவ்வாறு மேலோங்கிய பற்றீரியாவின் பெயர் பிளாஸ்ரிசிகியூமுலான்ஸ் அசிடிவொரன்ஸ். "பிளாத்திக்கைக் குவிப்பது, அமிலத்தை விழுங்குவது" என்பதே பெயரின் பொருள். இதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் 2009 இல் வெளியான ஆய்வொன்றில், அசற்றிக்கமிலத்தின் உப்பை உண்ட இப்பற்றீரியாக் கூட்டம் 8 மணித்தியாலத்திற்குள் தனது உலர் திணிவில் 89 சதவீதம் வரை பி.எச்.பி. சேமித்திருந்தது.

படி 3 — நிரப்புதல்: இரண்டாவது தாங்கியிலிருந்து எடுத்த பற்றீரியாக்கள் மூன்றாவது தாங்கியில் இடப்படும். இப்போது பட்டினி இல்லை. கொழுப்பமிலம் மீண்டும் மீண்டும் கொடுக்கப்படும். நைதரசன் போன்ற போசணைகள் மட்டுப்படுத்தப்படும். பகுதி 2 இல் கூறிய "பணம் உண்டு, சீமெந்து இல்லை" என்ற நிலைமை இதுவே. கலங்கள் நிரம்பும்வரை சேமிக்கும்.

வேஹெல் முன்னோடி ஆலையிற் கலங்களின் உலர்ந்த சேதனத் திணிவில் ஏறத்தாழ 70 சதவீதம் பி.எச்.ஏ. கிடைத்தது. ஆய்வுகூடத்தின் 89 சதவீதத்தை விட இது குறைவு. தூய உணவு அல்லாமல் உண்மையான தொழிற்சாலைக் கழிவு கொடுக்கப்பட்டது என்பதை மறவாதீர்கள். கழிவில் வேறு பொருள்களும் இருக்கும். அவற்றை உண்டு வளரும் வேறு பற்றீரியாக்களும் கூட்டத்தில் இருக்கும்.

இம்முறையில் மிச்சமாவது எவை? மூலப்பொருளுக்குப் பணம் இல்லை. கிருமியழித்தல் இல்லை. கழிவுநீரும் சுத்தமாகிறது. அதாவது பகுதி 4 இல் பார்த்த (அ), (ஆ) ஆகிய இரு செலவுகளும் குறைகின்றன. (இ) மட்டும் எஞ்சி நிற்கிறது.

7. பிரித்தெடுத்தலும் பயன்களும்

நிரம்பிய பற்றீரியாக்கள் நீரிலிருந்து பிரிக்கப்பட்டு உலர்த்தப்படும். பின்னர் குளோரோபோம் போன்ற கரைப்பானிற் பிளாத்திக்கைக் கரைத்துப் பெறலாம்; அல்லது காரம் போன்றவற்றாற் கலத்தின் ஏனைய பகுதிகளை அழித்து மணிகளை மிஞ்ச வைக்கலாம். குளோரோபோம் நச்சுத்தன்மையுடையது. சூழலைக் காக்கச் செய்யும் பிளாத்திக்கிற்காக நச்சுக் கரைப்பானைப் பெருமளவிற் பாவிப்பது பொருந்தாது. எனவே வேறு வழிகள் ஆராயப்படுகின்றன.

தூய பி.எச்.பி. ஏறத்தாழ 175–180 பாகை செல்சியசில் உருகும். பொலிபுரொப்பிலீனைப் போல வார்க்கலாம். ஆனால் அது எளிதில் முறியும் தன்மையுடையது. உருகுநிலைக்குச் சற்று மேலே சென்றாலே சிதையவும் தொடங்கும். சங்கிலியில் வேறொரு ஒருபகுதியத்தையும் கலந்தால் வளையுந்தன்மை கூடும். பயோபோல் உற்பத்தியிற் புரொப்பியோனிக்கமிலம் கொடுக்கப்பட்டது இதற்காகவே.

பைகள், போத்தல்கள், விவசாயத்தில் மண்ணை மூடும் தாள்கள், மெதுவாக உரத்தை வெளிவிடும் உறைகள் ஆகியன இதன் பயன்களாகும். மருத்துவத்திலும் இடமுண்டு. பி.எச்.ஏ. வகையைச் சேர்ந்த ஒரு பொருளாலான சத்திரசிகிச்சைத் தையல் நூலுக்கு அமெரிக்காவில் 2007 இல் அனுமதி வழங்கப்பட்டது. உடலுக்குள் மெல்லக் கரைவதால் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. இதற்கு மிகத் தூய பொருள் வேண்டும். கழிவிலிருந்து பெற்றதை இதற்குக் கொடுப்பதில்லை.

8. "உக்கக்கூடியது" — சொல்லால் ஏமாற வேண்டாம்

கடையில் ஒரு பையில் பச்சை இலைப் படம் போட்டிருந்தால் அது உக்கும் என்று எண்ணிவிடுகிறோம். பின்வரும் நான்கையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள்.

(அ) பி.எச்.பி. — பற்றீரியா ஆக்கியது. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணங்கிகளால் உக்கும்.

(ஆ) பொலிஇலற்றிக்கமிலம் — பற்றீரியா ஆக்கிய இலற்றிக்கமிலத்தை மனிதர் இரசாயன முறையிற் சங்கிலியாக்கியது. விரைவாக உக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள கைத்தொழிற் கூட்டெரு ஆலை வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் நீண்டகாலம் அப்படியே கிடக்கும்.

(இ) தாவரப் பொலித்தீன் — பிரேசிலில் பிராஸ்கெம் கம்பனி 2010 முதல் கரும்பின் எதனோலிலிருந்து பொலித்தீன் செய்கிறது. மூலப்பொருள் தாவரம், ஆனால் மூலக்கூறு சாதாரண பொலித்தீனேதான். ஆகவே உக்காது.

(ஈ) ஒட்சிசனால் நொறுங்கும் பொலித்தீன் — சாதாரண பொலித்தீனில் உலோகச் சேர்வைகளைக் கலந்தது. சிறு துண்டுகளாக நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாமற் போகும். ஆனால் நுண்துணிக்கையாக மண்ணிலும் நீரிலும் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 இன் சட்டத்தின் மூலம் இதனைத் தடைசெய்தது. தடை 2021 யூலையில் நடைமுறைக்கு வந்தது.

பி.எச்.பி. உக்கும்போது நிகழ்வதைச் சொற்சமன்பாடாக எழுதலாம்.

காற்றுள்ள இடத்தில்: பி.எச்.பி. + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர்
காற்றில்லாத இடத்தில்: பி.எச்.பி. + நீர் → மெதேன் + காபனீரொட்சைட்டு

இரண்டாவது சமன்பாட்டைக் கவனியுங்கள். குப்பை மேட்டின் அடியிற் காற்று இல்லை. அங்கே உக்கும் பிளாத்திக்கும் மெதேனைத் தரும். மெதேன் வலிமையான பச்சை வீட்டு வாயு. மேலும், உக்கும் வேகம் வெப்பநிலை, ஈரலிப்பு, நுண்ணங்கிகளின் அளவு, பொருளின் தடிப்பு என்பவற்றிற் தங்கியுள்ளது. மெல்லிய தாள் ஒன்று சில மாதங்களில் உக்கலாம். தடித்த போத்தலுக்கு இன்னும் நீண்டகாலம் எடுக்கும். குளிர்ந்த ஆழ்கடலில் மிக மெதுவாகவே நிகழும். "உக்கும்தானே" என்று வீதியில் எறிந்தால் உக்கும்வரை அதுவும் குப்பையே.

9. எஞ்சியுள்ள இடர்ப்பாடுகள்

• கழிவின் சேர்க்கை நாளுக்கு நாள் மாறும். எனவே பிளாத்திக்கின் தரமும் மாறும்.
• கழிவுநீரிற் காபன் உணவின் செறிவு குறைவு, பெரும்பகுதி நீர். அதனைத் தூரம் கொண்டுசெல்வது இலாபமன்று. ஆலை கழிவு உண்டாகும் இடத்திற்கு அருகே அமைய வேண்டும்.
• கழிவுப்பாகு போன்றவற்றிற்கு ஏற்கெனவே விலை உண்டு. மதுசார உற்பத்திக்கும் கால்நடைத் தீவனத்திற்கும் அவை வேண்டப்படுகின்றன.
• பிரித்தெடுத்தலுக்கான செலவு இன்னும் உயர்வு.
• பெற்றோலியப் பிளாத்திக்கு பெருமளவில் உற்பத்தியாவதால் மலிவு. அதனால் உண்டாகும் சூழற் சேதத்தின் செலவு அதன் விலையிற் சேர்க்கப்படுவதில்லை.

பாடத்தின் தொடக்கத்திற் கேட்ட வினாவிற்கு இப்போது நீங்களே விடை எழுதலாம். பற்றீரியா தன் வேலையை எப்போதோ செய்து காட்டிவிட்டது. கைத்தொழிலுக்குத் தடையாக நின்றது பற்றீரியாவிற்குக் கொடுக்கும் உணவின் விலையும், எறியும் பொலித்தீனின் மலிவும் ஆகும்.

10. நமது நாட்டுடன் தொடர்புபடுத்துக

2017 ஏப்பிரல் 14 இல் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் 20 மைக்குரோன் அல்லது அதனிலும் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன், லஞ்ச் சீற், ரெஜிபோம் உணவுப் பெட்டி முதலியவற்றிற்குத் தடை விதிக்கப்பட்டது. தடை விதிக்கும்போது மாற்றுப்பொருள் வேண்டும். வாழையிலையும் துணிப்பையும் பன்பையும் நம்மிடம் உள்ள மாற்றுகள். உக்கக்கூடிய பிளாத்திக்கு இவற்றுக்குப் பின்னர் வரவேண்டிய தெரிவே. குறைத்தல், மீளப் பயன்படுத்தல், மீள்சுழற்சி என்னும் வரிசையை அது மாற்றிவிடாது.

சுருக்கம்

• எசுத்தர்ப் பிணைப்பு உடையதால் பி.எச்.பி. நுண்ணங்கிகளால் உக்கும்; காபன்–காபன் சங்கிலி உடையதால் பொலித்தீன் உக்காது.
• காபன் மிகை, நைதரசன் அல்லது பொசுபரசு குறை என்னும் நிலைமையிற் பற்றீரியா பி.எச்.பி. சேமிக்கும்.
• 1926 லெமுவான். 1990 பயோபோல் போத்தல். 2014 வேஹெல் முன்னோடி ஆலை.
• கழிவைப் பயன்படுத்தினால் மூலப்பொருட் செலவு குறையும், கழிவுநீரும் சுத்தமாகும்.
• தாவரத்திலிருந்து வந்தது எல்லாம் உக்குவதில்லை. உக்குவது எல்லாம் எங்கும் உக்குவதில்லை.

மாதிரி வினாக்கள்

பகுதி I — மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பற்றீரியாக்களில் பி.எச்.பி. சேமிப்பு அதிகரிப்பது,
(1) காபனும் நைதரசனும் மிகையாக உள்ளபோது
(2) காபன் மிகையாகவும் நைதரசன் குறைவாகவும் உள்ளபோது
(3) காபன் குறைவாகவும் நைதரசன் மிகையாகவும் உள்ளபோது
(4) இரண்டும் இல்லாதபோது

2. பின்வருவனவற்றுள் தாவரத்திலிருந்து பெறப்பட்டும் உக்காத பொருள்,
(1) பி.எச்.பி.
(2) மாப்பொருள்
(3) கரும்பு எதனோலிலிருந்து செய்த பொலித்தீன்
(4) வாழைநார்

3. விருந்து–பட்டினி முறையின் நோக்கம்,
(1) தாங்கியைக் கிருமியழித்தல்
(2) கழிவை உலர்த்துதல்
(3) பி.எச்.பி. யைக் கலத்திலிருந்து பிரித்தல்
(4) சேமிக்கும் பற்றீரியாக்களை மேலோங்கச் செய்தல்

பகுதி II — அமைப்புக் கட்டுரை

ஒரு தாங்கியிலிருந்து 200 கிலோகிராம் உலர்ந்த பற்றீரியா பெறப்பட்டது. அதன் 70 சதவீதம் பி.எச்.பி. ஆகும்.

(i) கிடைக்கும் பி.எச்.பி. யின் திணிவைக் கணிக்க.
(ii) இதே அளவு பி.எச்.பி. யைக் குளுக்கோசிலிருந்து பெற எவ்வளவு குளுக்கோசு தேவைப்படும்? (1 கிலோகிராமிற்கு 3 கிலோகிராம் எனக் கொள்க.)
(iii) குளுக்கோசிற்குப் பதிலாகத் தொழிற்சாலைக் கழிவுநீரைப் பயன்படுத்துவதன் இரண்டு நன்மைகளையும் இரண்டு இடர்ப்பாடுகளையும் தருக.
(iv) "உக்கும் பிளாத்திக்கு வந்துவிட்டால் குப்பைப் பிரச்சினை தீர்ந்துவிடும்." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா? காரணம் தருக.

விடைகளும் வழிகாட்டலும்

பகுதி I: 1 — (2), 2 — (3), 3 — (4)

பகுதி II:
(i) 200 × 70 ÷ 100 = 140 கிலோகிராம்.
(ii) 140 × 3 = 420 கிலோகிராம். அலகை எழுத மறவாதீர்கள்.
(iii) நன்மைகள்: மூலப்பொருட் செலவு குறைதல்; கழிவுநீர் சுத்தமாதல்; உணவுப்பொருள் வீணாகாமை. இடர்ப்பாடுகள்: கழிவின் சேர்க்கை மாறுபடல், செறிவு குறைவானதால் தூரம் கொண்டுசெல்ல முடியாமை, பிரித்தெடுத்தற் செலவு. கேட்கப்பட்டது இரண்டு, ஆகவே இரண்டையே தெளிவாக எழுதுங்கள்.
(iv) "ஆம்" அல்லது "இல்லை" என்பதற்கு மட்டும் புள்ளி கிடையாது, காரணத்திற்கே புள்ளி. உடன்படவில்லை எனின், உக்குவதற்குத் தகுந்த நிலைமை வேண்டும், காற்றில்லாத குப்பை மேட்டில் மெதேன் உண்டாகும், பாவனையைக் குறைப்பதே முதற்படி ஆகியவற்றைக் குறிப்பிடலாம். ஓரளவு உடன்படுகிறேன் எனின், மண்ணில் நுண்துணிக்கையாக நிலைத்திராமல் உக்குவதைக் கூறி, மேற்கூறிய வரையறைகளில் ஒன்றையாவது சேர்த்து எழுதுங்கள்.

இறுதியாக ஒரு பயிற்சி. உங்கள் ஊரிலோ அயலூரிலோ உள்ள ஓர் அரிசி ஆலை, பாற்பொருள் நிலையம் அல்லது வெதுப்பகத்தைத் தெரிவு செய்யுங்கள். அங்கிருந்து வெளியேறும் கழிவு எது, அதிற் காபன் உணவு உண்டா, அது தற்போது எங்கே போகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடி அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பரீட்சைக்கு நீங்களே சொந்தமாகச் சேர்த்துக்கொள்ளும் உதாரணம் அதுவாக இருக்கட்டும்.